காம்பவுண்டு ஓட்டையில் ஓர் ஓபவ்வா

மூன்று பையன்கள். மூன்று பேர் தலையிலும் புடைப்பு. ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு வெளியே வரிசையாக நின்று, ஒருவன் ஓய்ந்தால் அடுத்தவன் பிடித்துக்கொள்வதாக அழுதுகொண்டிருந்தார்கள். ஆயா மூன்று தலையிலும் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துவிட்டிருந்தாள். வராந்தா முழுக்க எண்ணெய் வாசனை.

அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். கையில் ஒட்டடைக் கம்பு. அவள் அழவில்லை. கம்பையும் விடவில்லை.

“வாட் ஈஸ் திஸ், வத்சலா?” என்றார் சாந்தா மேடம், என்னைப் பார்த்து.

அவர்தான் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ். என்னோடு எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷ். அந்த இங்கிலீஷைக் கேட்டதுமே விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். பெங்களூரில் ஸ்ரீராம்புரத்தின் ஓரத்தில், ஒரு வாடகை வீட்டில் நடந்த சின்னப் பள்ளிக்கூடம் எங்களுடையது. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிற ஒரு பெட்டிக்கடை. சாப்பாட்டு நேரத்தில் பையன்கள் தவழ்ந்து வெளியே போவார்கள், தின்றுவிட்டுத் தவழ்ந்து உள்ளே வருவார்கள். எத்தனை தடவை அடைத்தாலும் செங்கல் மாயமாகிவிடும்.

அன்று இந்தப் பெண் ஓட்டைக்கு உள்பக்கமாக ஒட்டடைக் கம்போடு நின்றிருக்கிறாள். முதல் தலை உள்ளே வந்தது. ஒரு போடு. அவனை இழுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டு அடுத்த தலைக்காகக் காத்திருந்தாளாம். சத்தமே இல்லாமல்.

நான் முந்தின நாள்தான் வகுப்பில் ஓபவ்வா கதை சொல்லியிருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதுபோல் நடித்தேன். சாந்தா மேடம் ஏமாறுகிற ஆள் இல்லை.

உலக்கையும் ஒரு தட்டுக் களியும்

ஓபவ்வாவைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சித்ரதுர்க்கா கோட்டையின் காவல்காரன் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிறான். மனைவி ஓபவ்வா தண்ணீர் எடுக்கப் போகிறாள். போன இடத்தில், பாறை இடுக்கு வழியாக எதிரிகள் ஒவ்வொருவராக ஊர்ந்து வருவதைப் பார்க்கிறாள். சாப்பிடுகிற மனிதனை எழுப்ப மனம் வரவில்லை. வீட்டுக்கு ஓடி உலக்கையை எடுத்து வருகிறாள். கன்னடத்தில் உலக்கைக்கு ஒனகெ. ஒவ்வொரு தலைக்கும் ஓர் அடி. உடலை இழுத்து ஓரம் போட்டுவிட்டு அடுத்த தலைக்குக் காத்திருக்கிறாள். அந்த உலக்கைதான் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

எதிரி யாருடைய படை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் வகுப்புக்கு எதிரி என்றால் எதிரி, அவ்வளவுதான். என் வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கதை சொல்லப் போய் ஒரு குழந்தையைத் தலைகுனிய வைத்தால் அந்தக் கதை எதற்கு?

நான் படித்த காலத்தில் சரித்திரம் என்றால் பிறந்தார், ஆண்டார், இறந்தார். எங்கள் தாத்தா மகாராஜா காலத்தில் சர்க்கார் வேலைக்கென்று மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தவர். மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீர். அப்படியிருந்தும் இந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் எனக்குப் பிறந்த வருஷம், இறந்த வருஷமாகத்தான் அறிமுகமானார்கள். பரீட்சை முடிந்த அன்றே மறந்தேன். வாத்தியாராகப் போனால் இப்படிச் சொல்லித்தர மாட்டேன் என்று அப்போதே கறுவிக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

கேள்வி நாற்காலி

சாந்தா மேடம் அறையில் கை உடைந்த மர நாற்காலி ஒன்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி வகுப்பில் போட்டேன். கதை முடிந்த மறுநாள் ஒரு குழந்தை அந்த ஆளாக அதில் உட்கார வேண்டும். மற்ற குழந்தைகள் கேள்வி கேட்கலாம். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் கேட்கலாம், எதில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். தெரியாவிட்டால் “ஞாபகமில்லை” என்று சொல்லிவிடலாம். ராஜாவுக்கும் மறதி உண்டு இல்லையா? நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

குழந்தைகள் கேட்கிற கேள்வி இருக்கிறதே! அணை கட்டிய தலைப்பாகை இன்ஜினியராக உட்கார்ந்தவனிடம், “குளிக்கிறப்போ தலைப்பாகையைக் கழட்டுவீங்களா?” என்று கேட்டார்கள். ஓபவ்வாவிடம், “வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார்?” இது மட்டும் வருஷா வருஷம் வரும். நானும் முத்தெ என்று சொல்லிவிடுவேன். நம் கேழ்வரகுக் களிதான், உருட்டி வைத்தால் இங்கே முத்தெ.

ஊரைக் கட்டிய கெம்பேகவுடரைப் பற்றிச் சொன்ன வருஷம் ஒரு வேடிக்கை. ஊர் எல்லைக்கு நாலு பக்கமும் கோபுரம் எழுப்பிய கதை. ஒரு குட்டிப் பெண் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தாள். “அப்ப எங்க வீடு கோபுரத்துக்கு வெளியவா, உள்ளயா?” வெளியே என்றேன். முகம் சுருங்கிவிட்டது. “ராஜா கிட்ட சொல்லி உள்ள போட்டுக்கச் சொல்லுங்க மிஸ்.” நாற்காலியில் இருந்த கெம்பேகவுடர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அவருக்கு முன்பல் இரண்டும் இல்லை.

பேசாத மேகலா

ஒட்டடைக் கம்புக்கு வருகிறேன். அந்தப் பெண் பெயர் மேகலா. ஜூன் மாதம் வகுப்பில் சேர்ந்தவள். நவம்பர் வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆஜருக்குக் கை தூக்குவாள். எழுத்து அழகாக இருக்கும். வாய் மட்டும் திறக்காது. காது கேட்கவில்லையோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். பின்னால் போய் நின்று சாக்லேட் பேப்பரைக் கசக்கினேன். படக்கென்று திரும்பினாள். காது பிரமாதம்!

நவம்பர் என்றால் பெங்களூரில் மூலைக்கு மூலை சிவப்பு மஞ்சள் கன்னடக் கொடி, மைக் செட், கர்நாடகம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவா. எங்கள் பள்ளியிலும் முற்றத்தில் ஷாமியானா போட்டு ஒரு விழா நடக்கும். அந்த வருஷம் என் கேள்வி நாற்காலியையே மேடையில் போடலாம் என்று சாந்தா மேடம் சொல்லியிருந்தார். புடைப்பு விசாரணை முடிந்து பையன்கள் போனதும் நான் சொன்னேன்: “மேடம், ஓபவ்வா கிடைத்துவிட்டாள்.”

“அவள் பேசவே மாட்டாளே!”

“ஓபவ்வாவும் சத்தம் போடவில்லையே மேடம்.”

மேடம் என்னை முறைத்தார். பிறகு கன்னடத்துக்கு மாறினார். கன்னடம் வந்துவிட்டால் பாதிச் சம்மதம் என்று அர்த்தம்.

மேகலாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். கதை அவளுக்கு எப்படியோ உள்ளே போயிருந்தது. முதுகு விறைப்பாக நின்றது. முதல் நாள் தலையாட்டல்தான். அடுத்த நாள், புடைப்பு வாங்கியவர்களில் ஒருவனே பழைய கேள்வியைக் கேட்டான். என்ன சாப்பிட்டார் உன் வீட்டுக்காரர்?

“முத்தெ,” என்றாள் மேகலா.

கரகரவென்று, ரொம்ப நாள் பூட்டியிருந்த குரல். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாக்பீஸ் தூசி கண்ணில் பட்டுவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள்.

“மேடை மட்டும் வேணாம் மிஸ்”

மறுநாள் அவள் அம்மா வந்தாள். தனலட்சுமி. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“மிஸ், அவளை எடுத்துடுங்க மிஸ். மேடை மட்டும் வேணாம்.”

“ஏம்மா?”

“அவ வாயத் தொறந்தா தமிழ்தான் வரும். கன்னடம் நாலு வார்த்தை தெரியும், பயந்துட்டான்னா அதுவும் மறந்துடும். பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. அது கன்னட விழா வேற. எதுக்கு மிஸ் வம்பு?”

காவிரித் தகராறில் ஊர் எரிந்த அந்த டிசம்பர் முடிந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. தனலட்சுமியின் கணவருக்கு அப்போது இஸ்திரி வண்டி. வண்டியின் முகப்பில் முருகன் துணை என்று தமிழில் எழுதியிருந்ததாம். வண்டியைக் கவிழ்த்து நெருப்பு வைத்துவிட்டார்கள். குழந்தைக்கு மூன்று வயது. எதிர் வீட்டில் ஒளிந்திருந்து தப்பித்தார்கள். அதற்குப் பிறகு தனலட்சுமி குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று.

“வெளிய போனா வாயத் தொறக்காதடின்னேன் மிஸ். பள்ளிக்கூடத்துலயும் தொறக்க மாட்டான்னு நான் நெனச்சேனா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவள்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? வண்டியைக் கொளுத்தியவன் அன்று ராத்திரி தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். ஓர் ஏழு வயதுக் குழந்தை இன்னும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் கோபத்தை யாரிடம் போய்க் காட்டுவது?

“தனலட்சுமி, இப்பதான் ஒரு வார்த்தை பேசியிருக்கா. இப்ப எடுத்துட்டா மறுபடி மூடிப்பா. அப்புறம் நான் எந்தச் சாவியைப் போட்டுத் திறப்பேன்?”

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கேள்விகளை வகுப்புப் பிள்ளைகள் மட்டும் கேட்பார்கள். பதில் எல்லாம் கன்னடத்தில், முன்கூட்டியே பழகினவை. வெளி ஆள் யாரும் கேட்க மாட்டார்கள். நான் வாக்குக் கொடுத்தேன்.

“நான் வரல மிஸ். எனக்குக் கையும் காலும் ஓடாது. எதிர்லயே கௌரம்மாக்கா இருக்காங்க, அவங்க கூட்டிக்கினு வருவாங்க. அவங்க வூட்லதான் அன்னிக்கு ஒளிஞ்சோம். கச்சம் வெச்சுப் பொடவை கட்டறதும் அவங்களுக்குத் தெரியும்.”

மேடையில்

விழாவன்று கௌரம்மா மேகலாவைக் கூட்டி வந்தாள். கட்டையும் நெட்டையும் இல்லாத, கனத்த தோள் உள்ள கன்னடத்து அம்மாள். நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம். குழந்தைக்கு இளகல் புடவையைக் கச்சம் வைத்துக் கட்டி, இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். சார்ட் பேப்பரைச் சுருட்டி நான் செய்த உலக்கை மேகலாவின் கையில். ஒட்டடைக் கம்பை எட்டவே வைத்திருந்தோம்.

கேள்விகள் ஒழுங்காகப் போயின. எந்தக் கோட்டை? சித்ரதுர்க்கா. கையில் என்ன? ஒனகெ. என்ன சாப்பிட்டார்? முத்தெ. முற்றம் கொல்லென்று சிரித்தது. மேகலாவின் உதட்டோரத்திலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் தலைமை விருந்தினர் எழுந்தார். அந்த வட்டாரத்துக் கன்னடச் சங்கத்துப் பெரியவர். தோளில் சிவப்பு மஞ்சள் துண்டு, வெள்ளை மீசை, எப்போதும் கடுகடு முகம். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். நான் கொடுத்த வாக்கு!

“யாரம்மா நினகெ ஒனகெ ஹிடியோது கலிசித்து?” என்றார். உனக்கு உலக்கை பிடிக்க யாரம்மா கற்றுக்கொடுத்தது என்று கேட்கிறார். குழந்தையிடம் குழைவாகத்தான் கேட்டார். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் பாடத்தில் இல்லை.

மேகலா என்னைப் பார்த்தாள். ஞாபகமில்லை என்று சொல்லிவிடு கண்ணே என்று நான் உதட்டை அசைத்தேன். அவள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“கௌரம்மாக்கா,” என்றாள். பிறகு நிறுத்தவே இல்லை. தமிழில். “எங்க வண்டிய எரிச்சப்போ நாங்க அவங்க வூட்ல கட்டிலுக்கு அடியில இருந்தோம். அவங்க கதவாண்ட நின்னாங்க. கையில கம்பு வெச்சிருந்தாங்க. யாரையும் உள்ள விடல.”

ஷாமியானாத் துணி மட்டும் காற்றில் படபடத்தது. சாந்தா மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அப்போது வாசல் கேட்டுப் பக்கம் என் பார்வை போயிற்று. வரமாட்டேன் என்ற தனலட்சுமி வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

பெரியவருக்குத் தமிழ் புரியாமலா இருக்கும்? ஸ்ரீராம்புரத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மீசை துடித்தது.

“யாரு கௌரம்மா?” என்றார்.

பெண்கள் வரிசையில் இருந்து பத்துக் கைகள் ஒரே ஆளைக் காட்டின. கௌரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு திட்டு வாங்கியவள்போல் எழுந்து நின்றாள்.

“ஒனகெ அல்லா ஸ்வாமி, முத்தெ கோலு,” என்றாள். உலக்கையெல்லாம் இல்லையாம், களி கிண்டுகிற கோலாம். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள் தெருவில் சத்தம் கேட்டதும் கோலைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே வாசலுக்கு வந்துவிட்டாளாம். இதற்கு இவ்வளவு பெரிய கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவார்களா என்பதுபோல் எங்களையெல்லாம் பார்த்தாள்.

பெரியவர் சாந்தா மேடத்தின் பக்கம் திரும்பினார். “எனக்குப் போட ஒரு சால்வை வாங்கி வைத்திருப்பீர்களே, அதை அந்த அம்மாவுக்குப் போடுங்கள்” என்றார். வாங்கியிருந்தது ஒரே ஒரு சால்வை. மேடம் ஓடிப்போய் எடுத்து வந்து போட்டார். கைத்தட்டல் எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. புடைப்பு வாங்கிய மூவரும் விசில் அடித்தார்கள், அன்று அவர்களை நான் கண்டிக்கவில்லை.

தனலட்சுமி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். நேராக மேடைக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு, தமிழிலேயே கொஞ்சினாள். நான் அழுதேன். அன்றைக்குச் சாக்பீஸ் தூசி என்று சொல்லவும் வழியில்லை.

நாற்காலியில் ஒரு புது ஆள்

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கௌரம்மாவை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டுமாம். கோட்டை கட்டினவர், போரிட்டவர், அணை கட்டினவர் எல்லாரும் உட்கார்ந்த நாற்காலி. அவர்களாக யாரோ ஒரு குழந்தைதான் உட்காரும். நிஜ ஆளே வந்து உட்காருவது இதுதான் முதல் தடவை.

சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் வந்தாள் கௌரம்மா. நாற்காலி அவளுக்குக் கொஞ்சம் சின்னது. கிறீச்சென்றது. யாரும் சிரிக்கவில்லை, சட்டம் சட்டம்தான்.

“பயமா இருந்துச்சா?” என்று ஒருவன் கேட்டான்.

“பயா ஆகல்வா மகா?” என்றாள். பயமாக இருக்காதா மகனே என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டி ஆட்டிக் காட்டினாள், இப்படி நடுங்கியது என்று. “கோலு மட்டும் விடல.”

அப்போது மேகலா கையைத் தூக்கினாள். இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் முடிவதற்குள் இந்தப் பெண்ணை, “கொஞ்ச நேரம் வாயை மூடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று நான் கெஞ்சும்படி ஆயிற்று. தமிழ், கன்னடம், பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் கற்ற உருது என்று மழையாகக் கொட்டினாள். ஆனால் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அன்றைக்குத்தான்.

“கௌரம்மாக்கா, அன்னிக்கு அடுப்புல இருந்த முத்தெ என்னாச்சு?”

கௌரம்மா இதை எதிர்பார்க்கவில்லை. நினைவுபடுத்திப் பார்த்தாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

“தீஞ்சு போச்சு கண்ணு. அதையேதான் எல்லாரும் ஒண்ணா உக்காந்து தின்னோம். நீ ரெண்டு தின்னே.”